பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும் முன்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஓதம் ஏறுகிறது. மார்கழியில் கொஞ்சம் காய்கிறது. பொங்கல் வருகிறதே என்று பெயிண்டரைக் கூப்பிட்டு, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துவிடுகிறோம். கறை போய்விடுகிறது. கூடவே, வீட்டைக் கட்டி விற்றவரிடம் நியாயம் கேட்பதற்கான சாட்சியும் போய்விடுகிறது. கடன் வாங்கிப் புது அடுக்ககத்தில் குடியேறியவர்கள் தங்கள் உரிமையைத் தங்கள் செலவிலேயே பூசி மறைப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

அந்தக் கறைக்குப் பின்னால் நடப்பது இதுதான். கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று நிற்கும், துரு அண்டாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே ஆண்டுக்கணக்கில் உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு உப்பும் வருகிறது. உப்பிலுள்ள குளோரைடு, காரம் குறையும்வரைகூடக் காத்திருப்பதில்லை. நேராகப் படலத்தையே அரிக்கிறது. அதன்பின் ஈரமும் காற்றும் கிடைத்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பால்கனியின் அடியிலும் சன்ஷேடிலும் கம்பியின் போக்கிலேயே விரிசல் ஓடி, பெரிய பெரிய சில்லாகப் பெயர்ந்து விழுவது இதனால்தான்.

வெயிலும் சும்மா இருப்பதில்லை. 10 மீட்டர் நீளமுள்ள மொட்டைமாடித் தளத்தின் சூடு 30 டிகிரி ஏறினால், தளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. கீழே உள்ள சுவர் அந்த அளவு சூடாவதில்லை. ஆகவே தளமும் சுவரும் சேரும் இடத்திலும், கைப்பிடிச் சுவரின் காலடியிலும் விரிசல் விடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் விட்ட விரிசலுக்குள் ஐப்பசியில் தண்ணீர் இறங்குகிறது. மாடித் தளத்தின் ஓடுகளையும் இணைப்புகளையும் சித்திரை, வைகாசியிலேயே பார்த்து அடைக்கச் சொல்வது அதனால்தான்.

எல்லா ஈரத்துக்கும் கட்டியவர் பொறுப்பல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜன்னலை அடைத்து நாள் முழுக்க ஏசி போட்டு, குளியலறை ஈரம் வெளியேற வழி வைக்காவிட்டால் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படரும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது கெடுதல். இதற்கு மருந்து எக்ஸாஸ்ட் ஃபேனும் திறந்த ஜன்னலும்தான், வழக்கு அல்ல.

ஆனால் தளத்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பது வேறு சங்கதி. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் கடுமையான நிலை என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 தரமும் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவரும் கேட்கிறது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட கடும் வெயிலில் 10 நாள் க்யூரிங், அதாவது ஈரம் காயாமல் வைத்திருப்பது, வேண்டும் என்கிறது. அந்தக் கவர் இடைவெளிக்காகக் கம்பியைத் தாங்கும் கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லித் துண்டைச் செருகுவதும், மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்துவதும், உப்புத் தண்ணீரில் கலவை போடுவதும் நம் கண்முன் நடக்கின்றன. சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும் நாளில் கவர் பிளாக்கை நின்று எண்ணுங்கள். மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

குருகிராமில் சிண்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பில் 2022 பிப்ரவரி 10 அன்று மேல்தளத்துத் தரை ஒன்று இடிந்து, அடுத்தடுத்த தளங்களையும் உடைத்துக்கொண்டு கீழே வந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஆய்வு செய்த டெல்லி ஐஐடி, கட்டும்போதே கான்கிரீட்டில் கலந்திருந்த குளோரைடால் கம்பி வேகமாக அரித்துப்போனதைக் கண்டறிந்தது. அது பழைய கட்டடம் அல்ல.

இனி, சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். “ஒரு வருஷம்தான் வாரண்டி சார்” என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். கணக்கு ஓடுவது நீங்கள் சாவி வாங்கிய நாளிலிருந்து. ஆகவே ஐந்தாவது மழைக்காலம் வரை காத்திருக்காமல், முதல் மழையிலேயே தேதி தெரியும்படி படம் எடுத்து, ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் எழுத்துமூலம் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் புலம்பியதோடு நிறுத்தாதீர்கள்.

பதில் வராவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில் கட்டியவையும், எட்டு வீடுகளுக்கு மிகாத சிறு அடுக்ககங்களும் அங்கே பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களுக்கும், ஒப்பந்ததாரரிடம் கொடுத்துத் தனி வீடு கட்டியவர்களுக்கும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். வழக்குக்குக் காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

வாடகைக்கு இருப்பவர்களும் நாதியற்றவர்கள் அல்லர். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், குடியிருப்பவரால் வந்த சேதம் நீங்கலாகக் கட்டமைப்புப் பழுதுகளை வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. ஒப்பந்தம் போடும்போதே மேல்தளத்தை அண்ணாந்து பார்த்து, இருக்கும் கறைகளை எழுதி வாங்குவது பின்னால் அட்வான்ஸ் பணத்தைக் காப்பாற்றும்.

புகாரோடு ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை இருந்தால் பலம் அதிகம். எந்த இடத்தில் கவர் எத்தனை மில்லிமீட்டர், குளோரைடு அளவு எவ்வளவு என்று அதில் எண்ணாக இருக்கட்டும். காரம் எவ்வளவு ஆழம் வரை குறைந்துபோயிருக்கிறது என்பதைப் புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாஃப்தலீன் கரைசல் தெளித்தாலே பார்க்கலாம்: காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாக மாறும், போன இடம் நிறம் மாறாது. செலவைக் குடியிருப்போர் சங்கத்தில் பகிர்ந்துகொள்ளலாம். அந்த அறிக்கை கையில் வரும்வரை சுவரைத் தொடாதீர்கள், பெயர்ந்து தொங்கும் சில்லுகளைத் தவிர. அவற்றைப் படம் எடுத்துவிட்டு உடனே தட்டி இறக்கிவிடுங்கள். கீழே பிள்ளைகள் விளையாடுவார்கள்.