புற்றுக்காளானுக்கு வேர் உண்டா?

சத்தியமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் காளான் படம் அனுப்பி, “இது புற்றுக்காளான்தானே? சமைக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார். படத்தில் தெரிவது மேற்குடை மட்டும். அதை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

குடை நடுவில் கூர்மையான கொண்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறுகிய மண்ணைத் துளைத்து வருவது அதுதான். அடுத்து, காளானைப் பிடுங்காமல் சுற்றிலும் மண்ணைத் தோண்டுங்கள். தண்டு தரையோடு முடியாது. வேர்போல மெலிந்து ஒரு முழம், சில சமயம் அதற்கும் கீழே போகும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், அடையாளமும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

அந்த வேர் போய்ச் சேரும் இடம்தான் எனக்குத் தீராத வியப்பு. கறையான்கள் மரத்தூளையும் சருகையும் தின்று, கழிவை அடுக்கி ஓர் அடை கட்டுகின்றன. ஆட்டுமூளையைக் கழுவும்போது கையில் படுமே, அதே மடிப்புகள். அந்த அடையில் பூஞ்சை வளர்ந்து, கறையானுக்குச் செரிக்காத மரச்சத்தைச் சிதைத்துக் கொடுக்கிறது. அடைமேல் குண்டூசித் தலை அளவில் வெள்ளை மணிகள் தெரியும். அவை கறையானுக்கு உணவு. மழைக்காலத்தில் அதே பூஞ்சை மேலே அனுப்பும் குடையே நம் புற்றுக்காளான். ரோஜே எய்ம் என்ற பிரெஞ்சு அறிஞர் 1942இல் இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டார். இந்தக் கறையான்–பூஞ்சை உறவுக்கு வயது ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள்.

வேர் இருந்தால் மட்டும் போதாது. புதைந்த மரத்தில் முளைக்கும் வேறு சில காளான்களுக்கும் நீள வேர் உண்டு. அது கறையான் அடையில் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டமாகத் தரையோடு முளைக்கும் குட்டிப் புற்றுக்காளானுக்கோ நீள வேரே கிடையாது. அதனால் வித்துகளின் நிறத்தையும் பாருங்கள். தண்டை வெட்டிவிட்டு, குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க விடுங்கள். புற்றுக்காளானின் வித்துப்பொடி வெளிறிய இளஞ்சிவப்பாகப் படியும். பச்சையாகப் படிந்தால் அது குளோரோஃபில்லம். புல்வெளிகளில் பார்க்க அழகாக நிற்கும், தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடிக்கும். தண்டின் அடியில் கிண்ணம்போல உறை இருந்தால் தொடவே வேண்டாம். உயிரைப் பறிக்கும் அமானிட்டா வகைகளுக்கு அந்த உறை உண்டு. புழு அரித்தால் நல்ல காளான், வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்ல காளான் என்பதெல்லாம் ஆபத்தான நம்பிக்கைகள்.

புற்றுக்காளானைப் பண்ணையில் வளர்த்து விற்க இன்னும் வழி பிறக்கவில்லை. கறையான் இருந்தால்தான் காளான். நாமோ வரப்போரப் புற்றைக் கடப்பாரையால் இடித்து மருந்தை ஊற்றிவிட்டு, “முன்னைப்போல காளான் முளைப்பதில்லை” என்று குறைப்படுகிறோம். வீட்டு நிலைக்கதவை அரிக்கும் கறையானை ஒழியுங்கள். காட்டோரத்திலும் வரப்பிலும் இருக்கும் புற்றை விட்டுவிடுங்கள்.