ஒயில் அமுக்க எச்சரிக்கை வந்தால் எஞ்சினை நிறுத்துங்கள்
2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் மீண்டும் தொழில் தொடங்கிய குடும்பங்களிடம் புதிய படகுகளும் இருந்தன, உப்புநீரில் கிடந்து திருத்தப்பட்ட படகுகளும் இருந்தன. உள்ளிணைப்பு டீசல் எஞ்சின் பூட்டிய படகு வைத்திருப்போருக்கே இக்குறிப்பு. எரிபொருளுடன் ஒயில் கலந்து ஓட்டும் சிறிய வெளியிணைப்பு எஞ்சின்களில் இந்த எச்சரிக்கை இராது.

கிராங்கும் பெயாரிங்கும் உரசாமல் சுழல்வது இடையில் நிற்கும் மெல்லிய ஒயில் படலத்தினால்தான். பம்பின் அமுக்கம் விழுந்தால் படலம் அறுந்து இரும்பில் இரும்பு உரசும். முழு வேகத்தில் சில நிமிடங்களே போதும், எஞ்சின் இறுகிவிடும். ஆகவே “கரைக்குப் போய்ப் பார்ப்போம்” என்று ஓட்ட வேண்டாம்.

சிவப்பு விளக்கு எரிந்தாலோ பசர் ஒலித்தாலோ வேகத்தைக் குறைத்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்துங்கள். அலை உடையும் இடத்திலோ வேறு படகின் பாதையிலோ நின்றால் மட்டும், மெதுவாக விலகிய பின் நிறுத்துங்கள். அங்கே எஞ்சினைவிட ஆட்கள் முக்கியம். ஆழம் இடங்கொடுத்தால் உடனே நங்கூரம் போடுங்கள்.

ஒயில் கீழே வடிய ஐந்து நிமிடமாவது விட்டு அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஒயில் எங்கேயோ போயிருக்கிறது: பில்டரடி, குழாய்கள், படகின் அடித்தளம் ஆகியவற்றைப் பாருங்கள். கசிவை அடைக்க முடிந்தால் ஒயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாம். சில விநாடிகளில் விளக்கு அணையாவிட்டால் திரும்ப நிறுத்துங்கள்.

ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அளவு கூடி, டீசல் மணத்துடன் நீர்த்திருந்தால் எரிபொருள் கலந்துள்ளது. இரண்டிலும் ஸ்டார்ட் செய்யாமல், வேறு படகைக் கொண்டு இழுத்து வரச் செய்யுங்கள்.

அளவும் நிறமும் சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? உப்பு பிடித்த சென்சரோ வயரோ காரணமாகலாம். ஆனால் அதைக் கடலில் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். கரையில் மெக்கானிக் சென்சரைக் கழற்றி, அவ்விடத்தில் அமுக்கமானியைப் பூட்டிப் பார்க்கட்டும். சூடான டீசல் எஞ்சின் பெரும்பாலும் ஓடும் வேகத்தில் 3 முதல் 5 பார் வரையும், வெறுமனே ஓடுகையில் 1 பார் அளவும் காட்டும். உங்கள் எஞ்சினின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே எடுங்கள்.

விளக்கு எரியாததும் ஆபத்துத்தான். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும், ஸ்டார்ட்டானதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் பல்ப், வயர் அல்லது சென்சர் பழுது. சத்தம் தொல்லை என்று சிலர் பசர் வயரை வெட்டிவிடுகிறார்கள். பழைய படகு வாங்குவோர் இதை முதலில் பாருங்கள்.

நம் கரையில் படகுகள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்பதால், ஆட்டத்தில் அளவுக்கோல் பிழையாகக் காட்டும். ஸ்டார்ட் செய்யுமுன் இரண்டு மூன்று தடவை துடைத்து வைத்துப் பாருங்கள். எஞ்சின் முழுவதும் நிரப்பப் போதிய ஒயில், ஒரு பில்டர், அதைக் கழற்றும் சாவி, டோர்ச் ஆகியன படகில் இருக்கட்டும்.

கடல்நீரில் மூழ்கிய எஞ்சினைக் கழுவித் திருத்திய பிறகும் உள்ளே ஈரம் தங்கும். முதல் சில மணித்தியால ஓட்டத்தின் பின் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஒயில் வெளுத்திருந்தால் இன்னொரு முறை மாற்றிய பிறகே தூரக் கடலுக்குப் போங்கள்.