மலை வீட்டுச் சேகரிப்புக்குக் காப்பீடு வேண்டுமா?

திருவிதாங்கூர் சமஸ்தானம் சங்கு படம் போட்ட தபால்தலைகளை 1888-இல் வெளியிட்டது. சக்கரம், காசு, அனந்தராயன் பணம் என்று அதற்குச் சொந்த நாணயங்களும் இருந்தன. இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் பழைய திருவிதாங்கூர் எங்கும் உண்டு. மன்னர் குடும்பத்தின் கோடை அரண்மனை நிற்கும் குட்டிக்கானமும் அதைச் சுற்றியுள்ள பீர்மேடும் அதற்கு விலக்கல்ல. நாணயமோ, தபால்தலையோ, பழைய புத்தகமோ, வெண்கலப் பாத்திரமோ, வீட்டு அலமாரியில் சில லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள பொருள் சேர்ந்துவிட்டால் ஒரு கேள்வி வரும். இதற்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

காப்பீடு கொடுப்பது பணம். அந்தப் பணத்தைக் கொண்டு அதே பொருளையோ அதற்கு ஈடானதையோ திரும்ப வாங்க முடியும் என்றால் காப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. முடியாது என்றால் அதே பணத்தைப் பாதுகாப்புக்குச் செலவழிப்பதே நல்லது. ஒரே அலமாரியில் இரண்டு வகையும் கலந்து கிடக்கும். முதல் வேலை அவற்றைப் பிரிப்பதுதான்.

பீர்மேட்டில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. 2021 அக்டோபர் 16 அன்று பீர்மேடு வட்டத்தின் கொக்கயாறில் மலை சரிந்து வீடுகளை மூடியது. அதே ஆண்டு டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையின் ஷட்டர்கள் இரவில் திறக்கப்பட்டபோது வண்டிப்பெரியாறின் ஆற்றங்கரை வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, இதே இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில், தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தார்கள். உயிர் போன இடத்தில் பொருளைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உயிர் தப்பியவர்கள் மறுநாள் எதை வைத்து வாழ்க்கையைத் தொடங்குவது என்பதும் பேச வேண்டிய விஷயம்தான்.

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு ஒரே மாதிரியான அடிப்படைப் பாலிசியை விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, பாறைச் சரிவு எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, உள்ளே இருக்கும் சாமான்களும் தானாகவே சேர்ந்துவிடும். கட்டில், பீரோ, டி.வி., பாத்திரம் எல்லாம் இதில் வரும். இதைக் கேட்டதும் ‘நம் நாணயமும் சேர்ந்துவிட்டது’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

அந்தப் பாலிசியின் விலக்குகள் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். தங்கக் கட்டி, பதிக்காத ரத்தினக் கற்கள், கையெழுத்துப் பிரதிகள், வரைபடங்கள், எந்த வகை ஆவணமானாலும் சரி, நாணயங்கள், காகிதப் பணம் ஆகியவை பாலிசியில் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் தவிர ஈடு கிடையாது என்று அது சொல்கிறது. நாணயம் சேர்ப்பவர், பழைய நோட்டு சேர்ப்பவர், ஓலைச்சுவடி வைத்திருப்பவர், தாத்தா காலத்துத் தோட்டக் கணக்குப் புத்தகங்களைக் கட்டிவைத்திருப்பவர் எல்லோரும் இந்த ஒரு வரியில் வெளியே போய்விடுகிறார்கள். தபால்தலை உள்ளேயா வெளியேயா என்பதும் ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்லித் தீர்க்கும் விஷயம் அல்ல. ‘குறிப்பிடப்பட்டிருந்தால் தவிர’ என்ற சொற்கள்தான் சேகரிப்பாளருக்கு இருக்கும் ஒரே கதவு. பொருளின் பெயர் பாலிசிப் பத்திரத்திலோ அதன் இணைப்பிலோ அச்சாகி வர வேண்டும். வரவில்லை என்றால் பிரீமியம் கட்டாதீர்கள்.

நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், கலைப்பொருள், தொன்மைப் பொருள் போன்றவற்றுக்குக் கூடுதல் பிரீமியத்தில் தனிப் பிரிவு உண்டு. இங்கே தொகையை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன. பொருள் முழுதும் அழிந்தால் ‘பழசாயிற்று, தேய்ந்தது’ என்று கழிக்காமல் அந்தத் தொகை கிடைக்கும். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும், தனிப் பொருள் ஒவ்வொன்றும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். அதற்கு மேல் போனால் மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்க வேண்டும்.

திருட்டு விஷயத்திலும் கவனம் தேவை. அடிப்படைப் பாலிசியில், வெள்ளம், தீ போன்ற பேரிடர் நடந்து 7 நாட்களுக்குள் அதை ஒட்டி நடக்கும் திருட்டுக்கு மட்டுமே ஈடு உண்டு. சாதாரண நாளில் பூட்டை உடைத்துக்கொண்டு போனால் அதற்குத் தனிக் கவர் வாங்கியிருக்க வேண்டும். இந்த மலையில் எல்லாவற்றையும்விடச் சேகரிப்புகளை அதிகம் தின்பது ஈரமும் பூஞ்சணமும் கரையானும்தான். அதற்கு இந்தப் பாலிசி பணம் தராது. மழை மாதங்களில் காற்றுப் புகாத பெட்டியும், சிலிக்கா ஜெல் பையும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த அலமாரியும் செய்யும் வேலையை எந்தப் பாலிசியும் செய்யாது.

‘பேங்க் லாக்கரில் வைத்துவிட்டால் போதாதா?’ திருட்டுக்கு அது நல்ல பதில். ஆனால் ரிசர்வ் வங்கியின் 2021 விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 என்றால் 2 லட்சம். வங்கியின் கவனக்குறைவு இல்லாமல் வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் போனால் அதுவும் கிடையாது. ஆற்றங்கரைக் கடைவீதியில் இருக்கும் கிளை என்றால் இதை யோசிக்க வேண்டும்.

இனிக் கணக்கு. ஒரு நிறுவனம் ஆயிரத்துக்கு 5 ரூபாய் வீதம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. இருநூறு ஆண்டுக்கு ஒரு முறை முழு இழப்பு வரும் என்ற அனுமானத்துக்குச் சமமான விலை இது. சரிவின் அடியிலோ ஆற்றோரத்திலோ வீடு இருந்தால் உங்கள் ஆபத்து அதைவிடக் கூடுதல். மேட்டில், உறுதியான பாறைமேல், நல்ல வயரிங்கோடு இருந்தால் குறைவாக இருக்கலாம். என்றாலும் நான் இதைவிட வேறொரு கேள்விக்கே முதலிடம் கொடுப்பேன். அந்த 4 லட்சம் போனால் குடும்பம் தாங்குமா? மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருக்கும் நாணயங்கள் என்றால் காப்பீடு அவசியம். இழப்பு வருத்தம் தரும், வாழ்க்கையை அசைக்காது என்றால் விட்டுவிடலாம்.

விலையே இல்லாத பொருள்களின் கதை வேறு. 1990 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து ரெம்பிராண்ட், வெர்மீர் ஓவியங்கள் உட்பட 13 படைப்புகள் திருடுபோயின. திருட்டுக் காப்பீடு இல்லை. இருந்திருந்தாலும் அந்த ஓவியங்களை எந்தக் கடையில் வாங்குவது? நம் பக்கத்து உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா. பல்லாயிரம் தமிழ் நூல்களையும் இதழ்களையும் அவர் வீட்டிலேயே சேர்த்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. அங்கே பட்டியல் போட்டார்கள், மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். ஒரே பிரதியாக இருந்த நூலுக்கு இரண்டாவது உயிர் அப்படித்தான் கிடைத்தது. தோட்டத்து ஆள்பதிவுச் சீட்டு, கங்காணி கணக்கு, ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்கள் போன்றவற்றை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைக் கம்பத்திலோ தேனியிலோ இருக்கும் உறவினரிடம், மலைக்கு வெளியே வையுங்கள். இதற்கு ஆகும் செலவு ஓராண்டுப் பிரீமியத்துக்குள் அடங்கிவிடும்.

லயத்தில் குடியிருப்பவர்கள் ‘வீடு கம்பெனியுடையது, நமக்கு எப்படிக் கொடுப்பான்?’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கட்டடத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பொருள்களுக்கு மட்டும் இதே பாலிசியை வாங்கலாம். விண்ணப்பத்தில் கட்டடத்தின் வயது, கூரை, சுவர் பற்றி உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அரைகுறையாக மறைத்தது பின்னால் கிளெய்மை வீழ்த்தும்.

காப்பீடு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இருபுறப் புகைப்படம், அளவு, எடை, வாங்கிய தேதி, விலை, ரசீது. அந்தப் பட்டியல் அலமாரிக்கு உள்ளேயே இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், சித்திரம் தீட்டிய சுவடி இருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். புகைப்படத்தோடு கிடைக்கும் அந்தப் பதிவுச் சான்று, பொருள் உங்களிடம் இருந்ததற்கு வலுவான ஆதாரமாகவும் நிற்கும்.

இழப்பு நேர்ந்தால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். திருட்டு என்றால் போலீஸிலும் புகார் கொடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை சேதமான பொருளைத் தூக்கி எறியாதீர்கள். நனைந்த நாணய ஆல்பம்கூடச் சாட்சிதான். நிறுவனம் மறுத்தாலோ, புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டாலோ, கொச்சியில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.