புல்லை எப்போது அறுப்பது?

நெதர்லாந்தின் தேசியப் பறவை கருவால் மூக்கன். குளிர்காலத்தில் நம் கோடியக்கரைப் பக்கம் தென்படுகிறதே, அதே இனம். அங்கே அது கூடு வைப்பது காட்டில் அல்ல, பால் பண்ணைகளின் புல்வெளியில். வம்பு அங்குதான் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நான்கு முட்டையிட்டு அடைகாக்கும். மாட்டுத் தீவனத்துக்கு முதல் புல் அறுப்பதும் அதே மே மாதத்தில்தான். பொரித்த குஞ்சுக்குத் தாய் இரை ஊட்டாது; முதல் நாளிலிருந்தே உயர்ந்த புல்லுக்குள் ஓடி அதுவேதான் பூச்சி பிடிக்க வேண்டும். இயந்திரம் நெருங்கினால் சின்னக் குஞ்சு ஓடாது, தரையோடு பதுங்கிவிடும்.

1960-களில் அந்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் ஜோடிகள் இருந்தன. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு விவசாயி மட்டும் அறுப்பைத் தள்ளிப்போட்டுப் பயனில்லை. குஞ்சு வேலி பார்த்து மேய்வதில்லையே! அதனால் 2016 முதல் அரசு தனித்தனி விவசாயிகளோடு ஒப்பந்தம் போடுவதை நிறுத்தி, உழவர் கூட்டமைப்புகளிடம் பொறுப்பை விட்டது. நாடெங்கும் சுமார் 40 கூட்டமைப்புகள். மாகாண அரசு கூட்டமைப்போடு பேசுவது ‘முன்வாசல்’. கூட்டமைப்பு விவசாயிகளோடு பேசிப் பணம் தருவது ‘பின்வாசல்’. யார் ஜூன் 15 வரை அறுக்காமல் விடுவது, யார் வயலில் ஆழமில்லாமல் நீர் தேக்குவது, யார் துண்டு துண்டாக அறுப்பது என்று ஊருக்குள்ளேயே பேசித் தீர்க்கிறார்கள். தன்னார்வலர்கள் கூடுகளைத் தேடிக் குச்சி நட்டு அடையாளம் வைக்கிறார்கள்.

இந்தக் கூட்டு முறைக்கு விதை 1992-இல் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் விழுந்தது. அப்போதைய அமில மழைச் சட்டப்படி, வயலோர மரவேலிகளை ‘அமிலம் தாங்காதவை’ என்று அறிவித்தால் சுற்றியுள்ள பண்ணைகள் வளர முடியாது. உழவர்கள் சங்கம் சேர்ந்து பேரம் பேசினார்கள்: வேலிகளை நாங்கள் பராமரிக்கிறோம், அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுங்கள். கிடைத்தது. கெட்டிக்காரத்தனமான பேரம் என்றே சொல்வேன்.

ஆனால் மூக்கன் இன்னும் மீளவில்லை. முற்றிய புல்லில் புரதம் குறைவு, பால் குறையும், ஹெக்டேர் கணக்கில் தரும் தொகை அந்த நட்டத்தைத்தான் ஈடுகட்டுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் நிலத்தடி நீர். டிராக்டர் சீக்கிரம் இறங்குவதற்காக நிலத்தை ஆழமாக வடித்துவிட்டதால் மண் இறுகி, புழு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. நீர்மட்டத்தை முடிவு செய்வது நீர் வாரியங்கள். ஒப்பந்தமோ வழக்கமாக ஆறு ஆண்டுக்குத்தான். அதை நம்பித் தன் நிலத்தை நிரந்தரமாக ஈரமாக்க ஒரு பால் பண்ணைக்காரர் தயங்கினால், அவரைக் குறை சொல்ல முடியாது.