டைல்ஸை விடுங்கள், தரையைப் பாருங்கள்

கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோட்டில் எந்தப் புரோக்கரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்து நிமிஷத்துக்குள் கிளாம்பாக்கம் வந்துவிடும். அங்கே பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்தது உண்மை. விமான நிலையத்திலிருந்து அதுவரை வர வேண்டிய சுமார் 15.5 கிலோமீட்டர் மெட்ரோவோ பல வருஷமாகத் திட்ட அறிக்கை, ஒப்புதல் என்று கோப்புகளில்தான் ஓடுகிறது. மனைக்குச் சொல்லும் விலையில் மட்டும் அந்த ரயில் எப்போதோ வந்து நின்றுவிட்டது.

குடியிருக்க வீடு தேடுகிறவருக்கு வேறு கணக்கு. இங்கே சொல்லப்போவது, ரிட்டயர்மென்ட் பணத்தையோ துபாய்ச் சம்பளத்தையோ போட்டு, ‘வாடகையிலேயே இ.எம்.ஐ. கட்டிடலாம்’ என்று இரண்டாவது வீடு வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு.

ஒரு பேச்சுக்கு, சேலையூர் பக்கம் 60 லட்சத்துக்குப் பழைய டபுள் பெட்ரூம் ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 40 ஆயிரம் முதல் நாளே போய்விடும். 45 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய். வாடகை 16,000 வருகிறது என்றே இருக்கட்டும். அதில் மெயின்டெனன்ஸ், சொத்து வரி, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் ஒரு மாதம், பெயின்டிங் செலவு எல்லாம் போக மிச்சம் தவணையில் பாதியைக்கூடத் தொடாது.

அப்படியானால் லாபம் எங்கே? மண்ணில். கட்டடத்துக்கு வயசாகும், அதன் அடியில் உங்கள் பெயரில் இருக்கும் பிரிக்கப்படாத பங்குக்கு, அதாவது யு.டி.எஸ்.ஸுக்கு, வயசாகாது. ஒரே 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு, பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 450 சதுர அடி மண் இருக்கலாம்; புது அடுக்குமாடியில் 250-கூடத் தேறாது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். அந்த நாள் வரும்போது யார் கையில் எவ்வளவு மண் என்பதுதான் பேச்சு. மாடுலர் கிச்சனை யாரும் கேட்கப்போவதில்லை.

மண்ணைப் பார்ப்பது என்றால் முதலில் காகிதம். புறநகரின் பல நகர்கள் ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற பெயரில் விற்றவை. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது என்பது வாங்கிய பாதிப் பேருக்குத் தெரியாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோதுதான் பலர் பத்திரத்தையே எடுத்துப் படித்தார்கள். அடுத்த ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளுக்கு அதில் வழி கிடைத்தது. இன்றும் அந்த வரன்முறை உத்தரவு இல்லாத மனைக்குக் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் இழுபறிதான். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். அந்த இடம் ஒரு காலத்தில் ஏரியா என்று சொல்லாது. அதற்கு ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். புரோக்கர் வாயைத் திறக்காத இடம் இதுதான். செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை எல்லாமே ஏரி உள்ள ஊர்கள். ஓர் ஏரி நிரம்பினால் அடுத்ததற்குப் போக வேண்டிய கால்வாய் மேல்தான் எத்தனையோ தெருக்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீட்டுக்குள் வந்தது. படகில் ஆட்களை மீட்டார்கள். 2021-ல், பிறகு 2023 மிக்ஜாம் புயலில், மறுபடியும். ஆகவே வீடு பார்க்கப் போனால் வெயில் காலத்தில் போகாதீர்கள், நவம்பரில் போங்கள். தெருவுக்குள் நுழைந்ததும் வாசல்படியைக் கவனியுங்கள். சாலையை ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்தியதில், பழைய வீடுகளுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டியிருக்கும். கேட்டின் அடிப்பாகம் துருப்பிடித்து, அதன் குறுக்கே புதிதாக ஒரு முழங்கால் உயரச் சுவர் எழுப்பியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம். பக்கத்தில் யாராவது ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தால் அந்த வீட்டுக்காரரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். எந்த வக்கீலும் சொல்லாததைச் சொல்வார்.

பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பார்க்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வே எண் அந்த வளையத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

வாடகைக்கு விடுவதில் நம்மவர்கள் இன்னும் பத்து மாத அட்வான்ஸ் காலத்திலேயே இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ‘பேச்சிலர்ஸுக்கு இல்லை’ என்று போர்டு எழுதத் தெரிந்த வீட்டுக்காரர்கள் இதைச் செய்வதில்லை. தகராறு வந்து ஆளைக் காலி செய்யப் போகும்போது அந்தப் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

விற்கும்போது, ‘30 லட்சத்துக்கு வாங்கினேன், இரண்டு மடங்கு ஆச்சு’ என்பார்கள். 2012-13-ல் வாங்கி 2025-26-ல் 60 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். வருமான வரித் துறையின் பணவீக்கக் குறியீடு இந்த இடைவெளியில் 200-லிருந்து 376-க்குப் போயிருக்கிறது. அதன்படி அந்த 30 லட்சத்தின் மதிப்பு இப்போது 56 லட்சத்து 40 ஆயிரம். 13 வருஷத்து உண்மை லாபம் 3 லட்சத்து 60 ஆயிரம்தான். கட்டிய வட்டியை இதில் கழிக்கவே இல்லை. வரியில் ஒரு சௌகரியம் உண்டு. இந்தியாவில் வசிப்பவர் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், குறியீட்டோடு 20 சதவீதமா, குறியீடு இல்லாமல் 12.5 சதவீதமா என்று பார்த்துக் குறைந்ததைக் கட்டலாம். இந்த உதாரணத்தில் முதலாவது வழியில் 72,000 ரூபாய். இரண்டாவதில் 3 லட்சத்து 75 ஆயிரம். அந்தத் தேதிக்குப் பின் வாங்கியவர்களுக்கு 12.5 மட்டும்தான்.

தாம்பரத்தில் பாதிச் சாவிகள் சித்தப்பா கையில் இருக்கின்றன, உரிமையாளர் நியூஜெர்சியில். அவர் விற்கும்போது வாங்குபவர் பிடிக்க வேண்டியது, 50 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு உள்ளூர்க்காரரிடம் பிடிக்கும் 1 சதவீதம் இல்லை, 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். அதுவும் லாபத்தின் மேல் இல்லாமல் முழு விலையின் மேலேயே பிடித்துவிடுவார்கள். குறைத்துப் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரி அலுவலகத்திலிருந்து வாங்க நாளாகும் என்பதால், பத்திரப் பதிவுக்கு நாள் பார்க்கும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள்.