புரட்டாசிக் கடலை: காயவைப்பதில் கவனம் தேவை

ஆனி மழையில் விதைத்த மானாவாரிக் கடலை, கந்தர்வக்கோட்டை வட்டாரத்துச் செம்மண் கொல்லைகளில் புரட்டாசியில் பறிப்புக்கு வருகிறது. வெயிலின் கடுமை சற்றுத் தணிந்து, மாலையில் மேகம் கூடும் காலம் இது. பள்ளிக்கூடங்களுக்குக் காலாண்டு விடுமுறையும் இதையொட்டியே வரும். ஆகவே பெரியவர்களோடு பிள்ளைகளும் கொல்லைக்கு வந்துவிடுகிறார்கள்.

இங்குள்ள ஒரு சிறு விவசாயக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இளம் கணவன், மனைவி, ஆறு வயதுப் பையன், மூன்று வயதுப் பெண், வயதான தாயார், ஒரு கறவைப் பசு. நிலம் ஒன்றரை ஏக்கர். காலையில் கணவன் கொல்லையில் ஆங்காங்கே சில செடிகளைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்கிறான். பத்துக் காய்களில் ஏழெட்டுக் காய்களின் ஓட்டு உட்புறம் கறுத்திருந்தால் பறிப்புக்குத் தயார் என்று பொருள். மனைவியும் தாயாரும் மர நிழலில் உட்கார்ந்து காய் ஆய்கிறார்கள். பிள்ளைகள் செம்மண் பூசிய கையோடு பச்சைக் கடலையைத் தின்கிறார்கள். மாலையில் ஒரு பானைக் கடலை உப்புப் போட்டு வேகிறது. முற்றத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சூடாக உரித்துத் தின்னும் அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை சொல்ல முடியாது.

மழை மிரட்டும்போது

அன்று இரவு வானம் இருட்டுகிறது. ஆய்ந்த காயை ஒரே குவியலாகக் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடிவிட நினைக்கிறான் கணவன். தாயாரோ, "ஈரக் காயைக் குமிச்சு மூடினா புழுங்கிப் போயிடும்ப்பா, திண்ணையிலே பரப்பு" என்கிறார். தாயார் சொல்வதே சரி. ஈரக் காய் குவியலில் சூடேறும். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூசணம் வளரும். அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில், இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கு கலந்த தீவனத்தைத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அதன் காரணத்தைத் தேடியபோதுதான் இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. இது ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாக அழியாது. பூசணம் பிடித்த பிண்ணாக்கைப் பசு தின்றால், நஞ்சின் ஒரு பகுதி பால் வழியாகக் குழந்தையின் தம்ளர் வரை வந்துவிடும்.

செய்ய வேண்டியவை

பிடுங்கிய செடிகளைக் காய் மேற்புறம் வெயில் படும்படி வரிசையாகப் போட்டு இரண்டு மூன்று நாள் வாடவிட வேண்டும். பிறகு காயை ஆய்ந்து, சுத்தமான களத்தில் மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட்டுக் காயவைக்க வேண்டும். மழை வந்தால் திண்ணையிலோ கொட்டகையிலோ காற்றோட்டமாகப் பரப்புவது நல்லது. தார்ப்பாய் போட்டே ஆக வேண்டுமானால் பக்கங்களில் காற்றுப் புக வழிவிட வேண்டும்.

ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இதற்குக் கருவி தேவையில்லை. காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் எளிதில் உரிய வேண்டும். நன்கு காய்ந்த காயைச் சாக்கில் கட்டி, சுவரில் படாமல் பலகைமேல் அடுக்கலாம். விதைக்கு ஒதுக்கியதைக் காயாகவே வைத்திருந்து, விதைப்பு நெருங்கும்போது உடைப்பது சிறந்தது.

மண்வெட்டி பட்ட காய், பூச்சி துளைத்த காய், சுருங்கிய காய் ஆகியவற்றைத் தனியே நீக்க வேண்டும். பறிப்பு முடிந்த கொல்லையில் தப்பிக் கிடக்கும் கடலையைப் பொறுக்குவது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. மழையில் பல நாள் மண்ணில் கிடந்த அந்தக் காயில் பூசணம் அதிகம் இருக்கக்கூடும். அதை நல்ல கடலையோடு கலக்கக் கூடாது. பிள்ளைகள் தின்னவும் விடக் கூடாது. பூசணம் தெரியும் பருப்பையும், கசக்கும் பருப்பையும் மாட்டுக்கும் போடாமல் புதைத்துவிட வேண்டும்.

வியாபாரி வருமுன் வீட்டுக்கென்று ஒரு மூட்டையை ஒதுக்குவது பல குடும்பங்களின் வழக்கம். கழிவுக் காயை வீட்டுக்கு வைத்துக்கொண்டு நல்லதை எல்லாம் விற்பது தவறு. நன்கு காய்ந்து, தேர்ந்தெடுத்த காயே வீட்டு மூட்டைக்குப் போக வேண்டும். ஐயம் இருப்பின் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவசாயப் பெருமக்கள் ஆலோசனை பெறலாம். முற்றத்தில் பிள்ளை கைநிறைய அள்ளும் கடலை நல்லதா என்பது, களத்தில் அதைக் காயவைக்கும் அந்தச் சில நாட்களிலேயே முடிவாகிறது.