தோட்டம் விடுதியாகும் முன் ரோட்டை எண்ணுங்கள்

ஏற்காடு மலையில் ஒரு காபித் தோட்டம் விலைக்கு வந்தால், இப்போதெல்லாம் முதலில் வந்து பார்ப்பவர் காபி தெரிந்தவர் இல்லை. சில்வர் ஓக் எத்தனை, மிளகுக் கொடி எத்தனை என்று அவர் கேட்பதில்லை. பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் தெரியும், வாசல் வரைக்கும் கார் வருமா, அவ்வளவுதான். எங்கள் கரடியூர்ப் பக்கமும் இதே கதைதான்.

தோட்டத்தை விடுதியாகவோ மனையாகவோ மாற்ற அனுமதி வேண்டும். நகர் ஊரமைப்புத் துறை இருக்கிறது. 1990-இல் அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. வனம், வேளாண்மை, கனிமம் என்று பல துறைகளின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். மரம், சரிவு, மண் எல்லாம் பார்ப்பார்கள். ரோடு? மனைக்கு முன்னால் அது எத்தனை மீட்டர் அகலம் என்று பார்ப்பதோடு சரி. அந்த ரோடு ஏற்கெனவே எத்தனை வண்டியைச் சுமக்கிறது, இன்னும் எத்தனை தாங்கும் என்ற கணக்கு அந்தக் கட்டில் இருக்காது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி போக்குவரத்தைப் பற்றிக் கேட்பார்களே என்றால், அது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்துக்குத்தான். நம் மலைக்கு வருவதெல்லாம் 20 அறை, 40 அறை. தனித்தனியாக அத்தனையும் தப்பிவிடும்.

வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. ஒரே ஆள் ஐந்து கிளையில் கடன் கேட்கிறார். ஒவ்வொரு கிளையும் "நம்ம தவணைக்கு இவர் வருமானம் போதும்" என்று கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? அதனால்தான் புதுக் கடன் கொடுக்கும் முன் பழைய கடன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். ரோட்டுக்கு அந்தக் கூட்டலை யாரும் போடுவதில்லை. மலையேறும் வழியோ இரண்டுதான். ஒன்று, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு வரும் பாதை. இன்னொன்று குப்பனூர் வழி. எந்தச் சர்வே எண்ணில் விடுதி வந்தாலும் வண்டி இந்த இரண்டில் ஒன்றில்தான் ஏற வேண்டும்.

கணக்குப் போட வழி இல்லாமல் இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-லேயே கிராமப்புறச் சாலைகளுக்குக் கொள்ளளவு வகுத்துவிட்டது. கார் ஒன்றுக்கு 1 அலகு, பைக்குக்கு அரை, பஸ் லாரிக்கு 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு 4.5. மாட்டு வண்டிக்கு 8! நம்மாளுக்கு அங்கேயாவது ஒரு மதிப்பு இருக்கிறது. சமவெளியில் வளைவு குறைந்த இருவழிச் சாலைக்கு ஒரு நாளைக்கு 15,000 அலகு. அதே இருவழிச் சாலை மலையில், கிலோமீட்டருக்கு 200 டிகிரிக்கு மேல் திரும்பிப் போகுமானால் 5,000 அலகுதான். ஒரு கொண்டை ஊசி வளைவே கிட்டத்தட்ட 180 டிகிரி என்பதை மனதில் வையுங்கள். ஒருவழி அகலமுள்ள மலைக் கிராமச் சாலைக்கோ வெறும் 1,400.

இப்போது ஒரு கணக்குக்கு 40 அறை விடுதியை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை 30 அறை நிரம்புகிறது, 30 கார். வருவது, போவது, இடையில் ஊர் சுற்றி வருவது என்று காருக்கு 4 நடை போட்டால் 120 அலகு. வேலையாட்கள் 30 பைக்கில் வந்து போனால் 30. காய்கறி, கேஸ், சலவைத் துணி என 6 சிறு சரக்கு வண்டி வந்து போக 18. தண்ணீர் லாரி நாலு, அதுக்கு 24. மொத்தம் 192. கல்யாண மண்டபம் வைத்தால் அது தனி. கிராமச் சாலையின் 1,400-இல் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை ஒரே விடுதி எடுத்துக்கொண்டது. இப்படி ஏழு வந்தால் உழவனின் ஒரு வண்டிகூட இறங்காமலேயே ரோடு நிரம்பிவிடும். அதே இடம் காபித் தோட்டமாக இருந்தவரை ஒரு ஜீப்பும் இரண்டு பைக்கும்தான் போய்வந்திருக்கும்.

நமக்கு இதில் என்ன போச்சு என்று கேட்பவர்கள் உண்டு. பறித்த காபிப் பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். நம் பறிப்புக் காலம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைக்குள் வந்து விழுகிறது. பலா முற்றும் மே மாதத்தில் கோடை விழா. அப்போது போலீசார் சேலம் வழியில் ஏறி, குப்பனூர் வழியில் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். அது தவறில்லை, அவர்களுக்கும் வேறு வழி கிடையாது. பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிய 108 வண்டியும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ரோட்டை அகலப்படுத்திவிடலாம் என்பார்கள். மலையில் அகலம் என்றால் சரிவை வெட்டுவதுதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் எப்படி மண் சரிந்தது என்று எல்லோரும் பார்த்தோம்.

ஊட்டியும் கொடைக்கானலும் நிரம்பிய பிறகுதான் எண்ணத் தொடங்கின. 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தது நீதிமன்றம். கட்டடம் எல்லாம் எழும்பி முடிந்த பின் வாசலில் சங்கிலி போடுவது இது. கட்டும் முன் கணக்குப் பார்ப்பதுதான் மலிவு.

எண்ணுவது நம்மாலேயே முடியும். சாலைக் காங்கிரசே ஆண்டுக்கு இரண்டு முறை, தொடர்ந்து ஏழு நாள், இரவு பகலாக எண்ணச் சொல்கிறது. அதில் ஒரு முறை அறுவடைக் காலத்தில் இருக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் எண்ணிவிட்டு "ரோடு காலியாத்தான் இருக்கு" என்று எழுதித் தரும் அறிக்கையை ஒத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் போடுவது மாதிரி நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. கார், பைக், பஸ், லாரி, டிராக்டர் என்று தனித்தனிப் பத்தி. ரோட்டின் அகலத்தையும் பத்து இடத்தில் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு வந்த விண்ணப்பங்களின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். ஆட்சேபணைக்கு விளம்பரம் வந்தால், நாள் தவறாமல் இந்த எண்ணிக்கையோடு எழுதுங்கள். "எங்களுக்கு வேண்டாம்" என்ற கடிதத்தைக் கட்டில் சேர்த்து மூடிவிடுவார்கள். அலகுக் கணக்கோடு போனால் அதிகாரி பதில் எழுதியாக வேண்டும்.

கரடியூரில் வரும் பறிப்புக் காலத்தில் ஏழு நாள் எண்ணப் போகிறோம். ஜனவரி 26 கிராம சபையில் அந்தத் தாளை வைத்துத் தீர்மானம் கேட்போம். பகலுக்கு ஆள் இருக்கிறது, இரவு முறைக்கு இன்னும் நாலு பேர் வேண்டும்.